பத்தொன்பதாம் பெட்டி

நான்காம் மாடி ஏசி மக்கர் செய்வது என் நாத்தனாரால்தான் என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார்.

"பன்னிரண்டு மணிக்குள்ள சரியாகலன்னா, அந்தப் பொண்ணு இனிமே இந்தக் கட்டடத்துப் பக்கமே வரக்கூடாது" என்றார்.

வயர் இழுப்பது அவள், கணினியில் அமைப்பது நான். அவளைத் தள்ளினால் பாதித் தொழில் போச்சு. ஆனாலும் எனக்குப் பயமில்லை. அவள் இழுத்த வயரில் குறை கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும்.

அந்த மாடியில் அறைக்கு ஒன்றாக, ஏசியை இயக்கும் இருபது கன்ட்ரோலர் பெட்டிகள். எல்லாம் ஒரே வயரில்தான் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். யார் முறையோ அவர் மட்டும் பேசலாம். பேசி முடித்ததும் அடுத்த எண்ணிடம் முறையை ஒப்படைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருநாளும் நடக்காத ஒழுங்கு.

வியாழக்கிழமை புதிதாக ஒரு பெட்டி மாட்டினோம், எண் பத்தொன்பது. அன்றிலிருந்து மாடி முழுக்கத் திக்கித் திணறுகிறது. திரையில் பத்தொன்பதை ஆளையே காணோம்.

"பாருங்க, அது வயர் கோளாறுதான்" என்றார் மேனேஜர்.

"அதுக்குப் போற வயர் அறுந்திருந்தா அது ஒண்ணுதான் வாயை மூடும் சார். இங்க ஊரே குழறுது" என்றேன்.

"நாலு தடவை அளந்துட்டேன் அண்ணி. வயர் சுத்தமா இருக்கு" என்றாள் நாத்தனார். மணி பதினொன்று இருபது.

திரையை மறுபடி பார்த்தேன். பதினேழாம் எண் வருவதும் போவதுமாக இருந்தது. சட்டென்று பொறி தட்டியது. ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்! முறை வந்ததும் இரண்டும் ஒன்றாகக் கத்தினால் யார் காதில் எது விழும்?

ஏணி போட்டு ஏறிப் புதிய பெட்டியின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் திறந்தேன். எண் வைக்க உள்ளே குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். முதலாவது ஒன்று, இரண்டாவது இரண்டு, ஐந்தாவது பதினாறு. மூன்றையும் தூக்கினால் பத்தொன்பது. இரண்டாவது தூக்கப்படவே இல்லை; மிச்சத்தைக் கூட்டினால் பதினேழு.

எண் வைத்தது நான். மாட்டுமுன் அவள், "ஒரு தடவை பாத்துடலாமா அண்ணி?" என்று கேட்டதும், "என் வேலையை நீ சரிபாக்கிறியா?" என்று நான் எரிந்து விழுந்ததும் ஏணி மேலேயே நினைவுக்கு வந்தன. வெட்கமாகப் போய்விட்டது.

நகத்தால் சுவிட்சைத் தள்ளி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். இரண்டே நிமிடத்தில் திரையில் இருபதும் பச்சை. பேசாமல் இறங்கிவந்து, பெட்டி பழுது என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இறங்கினேன்.

"வயர்ல ஒரு குத்தமும் இல்ல சார். எண்ணைத் தப்பா வச்சது நான். இவ அன்னைக்கே பாக்கணும்னு சொன்னா, நான்தான் விடல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்களைத்தான் வெளிய அனுப்பணும்."

"அனுப்புங்க. இவ இருக்கட்டும். இனிமே இவ பாத்துச் சரின்னாத்தான் என் பெட்டி சுவர்ல ஏறும்."

அவர் பதில் சொல்வதற்குள் நாத்தனார் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏணியைப் பிடிங்க அண்ணி. சரிபாக்க இன்னும் பத்தொன்பது பெட்டி இருக்கு."

பிடித்தேன்.