மத்தியான கரண்ட்

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் தையல்காரி மெஷினிலிருந்து காலை எடுத்தாள். எடுத்த காலை மறுபடி வைத்தாள். இனி மத்தியானத்தில் வரமாட்டார் என்று காலையிலிருந்து மனசைத் தேற்றி வைத்திருந்தவள், சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினால் நன்றாகவா இருக்கும்?

அவள் புருஷன் டாக்ஸி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, ஊர் அடங்கிய பிறகு வந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற மனுஷன். பெட்ரோல் வண்டியை விற்று மின்சார வண்டி வாங்கியதும்தான் எல்லாம் தலைகீழானது. கூரைக்குக் கூரை சோலார் தகடு போட்டதில் மத்தியானக் கரண்ட் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அப்போது சார்ஜ் போட்டால் பாதி விலை. சாயங்காலம் ஊரே விளக்கும் அடுப்பும் போடுகிற நேரத்தில் போட்டாலோ, கையைக் கடிக்கும். அதனால் மனுஷன் மத்தியானம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

முதலில் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ரேடியோவும் துணியுமாகத் தனி ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தவள் அவள். இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்தக் கை கொஞ்சம் கோணலா இல்ல?" என்பார். ரொம்பத் தெரிந்த மாதிரி! போகப்போகப் பொத்தான் தைத்துக் கொடுத்தார், கோணலாகத்தான். சவாரி வந்தவர்களைப் போலப் பேசிக் காட்டினார். ஊமைக்கோட்டான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்த ஆளுக்குள் இவ்வளவு நையாண்டியா என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். கரண்ட் ஏறுகிறவரை வாசல் சுவரில் சார்ஜரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். சிமிட்டல் நின்றால் வண்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அவர் எழுந்துவிடுவார். அந்தச் சிமிட்டல் நின்றுவிடக் கூடாதே என்று அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தைப்பாள்.

அதற்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் வேட்டு வைத்தார்கள். கொட்டகை போட்டு, மேலே தகடு பதித்து, இன்றிலிருந்து மத்தியானம் அங்கே சார்ஜ் இலவசம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அப்புறமென்ன, அங்கயே போட்டுக்குங்க. இங்க எதுக்கு வீண் செலவு?" என்று நேற்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஓசிக் கரண்ட்டோடு அவள் எங்கே போட்டி போட? காலையில் டப்பாவில் சாப்பாடு கட்டும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இப்போது அந்த டப்பாவைப் பிரிக்காமலே கொண்டுவந்து நிற்கிறார்.

"என்ன, ஸ்டாண்டுல போடலியா?"

"அட, அங்க ஒரே கூட்டம். யாரு வரிசையில நிக்கிறது?" அவள் முகத்தைப் பார்க்காமல் ஒயரை இழுத்து வண்டியில் செருகினார்.

"சரி சரி, கை கழுவிட்டு உட்காருங்க. வந்துட்டேன்."

துவைத்த துணி வாளியோடு வாசலுக்கு வந்தவள் சார்ஜரைப் பார்த்தாள். பச்சை விளக்கு சிமிட்டவில்லை. செருகி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்று, ஓசியில் முழுக்க நிரப்பிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அடப்பாவி மனுஷா! அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"என்ன, ஏறுதா?" உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"ஏறுது, ஏறுது. ரொம்ப மெதுவாத்தான் ஏறுது" என்றாள். பிறகு வாளியிலிருந்து பெரிய போர்வையாகப் பார்த்து எடுத்து, உதறி, விளக்கு மறைகிற மாதிரி கொடியில் போட்டு இழுத்துவிட்டாள்.