தொட்டியின் பின்பக்கம்

அவர் குடிக்கக் கேட்கவில்லை.

நொரீன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், அப்பாவை உனக்கு மட்டும்தான் தெரியுமா என்று அக்கா காரல் கேட்பாள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்த காரல், குச்சி நுனியில் இருந்த சின்னப் பஞ்சைக் கிண்ணத்தில் நனைத்து, அப்பாவின் உதட்டில் மூன்றாவது முறையாக ஒற்றினாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தண்ணி," என்றார் மறுபடியும். "எவ்வளவு?"

"எவ்வளவு வேணும்னாலும் குடி, அப்பா." காரல் பஞ்சை மறுபடி நனைத்தாள். "கிளென், இங்க வா. கடைசித் தண்ணி கேக்கறார்."

முந்தின நாள் விமானத்தில் ஹொனலுலுவிலிருந்து வந்திருந்த தம்பி கிளென், ஜன்னலோரத்திலிருந்து ஓரடி வந்து நின்றான். போகிறவரின் உதட்டைப் பிள்ளைகள் நனைக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஜப்பானியக் குடும்பத்து வழக்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா மருத்துவமனையில் யாரும் பக்கத்தில் இல்லாமல் போனாள். அன்று பெட்ரோல் போட நின்று தாமதமாகிவிட்ட காரல், அதன் பிறகு கார் டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதில்லை. செவிலி காலையில் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, இன்று இல்லையென்றால் நாளை என்று சொன்னதிலிருந்து அவள் அந்தக் கிண்ணத்தையும் கீழே வைக்கவில்லை.

அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. கட்டிலின் பக்கவாட்டில் படுக்கைவசமாக மூன்று கம்பிகள். அவர் விரல் முட்டியை மடக்கிக் கீழ்க் கம்பியில் தட்டினார். கொஞ்சம் நிறுத்தி, நடுக் கம்பியில். மேல் கம்பிக்குக் கை எட்டவில்லை.

"சும்மா இருப்பா, காயம் பட்டுடும்," என்று காரல் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

கீழிருந்து மேலாக, என்று நொரீன் நினைத்தாள். அப்படித்தான் தட்டுவார்.

சர்க்கரை ஆலை மூடிய பிறகு அப்பா இருபது வருஷம் மழைநீர்த் தொட்டி கட்டினார். மலைப் பக்கத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழுகிற மழைதான் குளிக்க, துவைக்க எல்லாமே. நெளிதகரத்தை வட்டமாக நிறுத்தி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் தொட்டி. விரிப்பில் ஓட்டை விழுந்தால் வீடு வெறும் கூரைதான். நொரீன் நாலு வருஷம் முன்பு வீட்டுத் தரகு உரிமம் வாங்கியதும், சனிக்கிழமைகளில் அப்பா அவளோடு காரில் ஏறிக்கொண்டார். அவள் உள்ளே சமையலறையைக் காட்டிக்கொண்டிருப்பாள். வெளியே அப்பா தொட்டியைத் தட்டுவது டக், டக், டக் என்று கேட்கும். சத்தம் எங்கே மாறுகிறதோ அதுவரை தண்ணீர்.

போன வாரம், கஞ்சி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், மலைமேல் மவுண்டன் வியூ என்ற ஊரில் இருக்கிற வீட்டைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தாள். பச்சேகோ என்ற இளம் தம்பதி வாங்குகிற வீடு. பரிசோதகர் வந்து பார்த்தார், எல்லாம் சரி, தொட்டி தளும்ப நிறைந்திருக்கிறது என்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "மழை பேஞ்சு எத்தன நாளாச்சு?" மூன்று வாரம் என்றாள். அவர் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

இன்றோடு முப்பது நாள். மழைக்குப் பேர்போன ஹீலோவில் முப்பது நாள் மழை இல்லை. கவிழ்த்து வைத்த வாளியின் அடியில்கூடப் புல் காய்ந்திருந்தது. பிறகு தொட்டி மட்டும் எப்படித் தளும்பும்?

மூன்று மணிக்கு அந்த வீட்டைக் கடைசியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நாளை மறுநாள் பத்திரப் பதிவு. காலையில் விற்பவரின் தரகர் பிராட் கூப்பிட்டு, அப்பா பக்கத்துல இருங்க, உங்க ஆளுங்களையும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன் என்றார். நல்ல குரலில்தான் சொன்னார். அவளும் சரி என்றுவிட்டாள். சரி என்று சொன்ன பிறகு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருந்தது.

மணி இரண்டு இருபது. அவள் எழுந்தாள்.

"எங்க போற?"

"மவுண்டன் வியூ. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்."

காரல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். "உனக்கென்ன பைத்தியமா? நர்ஸ் சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துது."

"காலைல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு சோறு கிண்டற, மத்தியானம் வீடு காட்டற. பாதி வேலைக்கு இவ்வளவு அவசரமா? முழுசா பண்றவனே நான் பாத்துக்கறேங்கறான்."

"அவர் விக்கிறவரோட ஆளுக்கா. ஓனருக்கு எது நல்லதோ அதைத்தான் பாப்பார்."

"இன்னிக்கு ஒரு நாள் உலகம் நின்னா என்ன?" என்றான் கிளென், தரையைப் பார்த்தபடி.

"இன்னிக்கு விட்டா அந்தப் பிள்ளைங்க கையெழுத்து போட்டுடுவாங்க. அப்பா குடிக்கக் கேக்கல, கிளென். தொட்டியக் கேக்கறார்."

"ஆமா," என்றாள் காரல். "சாகப் போறவர் உன் கஸ்டமர் வீட்டுத் தொட்டியத்தான் நினைச்சிட்டிருக்கார்."

 நொரீன் குனிந்து அப்பாவின் காதருகே போனாள். அவர் மூச்சில் பழைய துணியின் வாசனை இருந்தது.

"தட்டிப் பாத்துட்டு வர்றேன்பா."

அதன் பிறகு அவர் தண்ணீர் கேட்கவில்லை. அது பதிலா, அல்லது வெறும் களைப்பா என்பதை மலைப் பாதை முழுக்க யோசித்தபடி அவள் கார் ஓட்டினாள். திரும்பிவிடலாம் என்று இரண்டு இடத்தில் தோன்றியது. இரண்டாவது இடத்தில் காரை ஓரம்கட்டவே செய்தாள். டெஸ்ஸா பச்சேகோ பள்ளிச் சமையலறையில் அவளோடு தட்டு கழுவுகிறவள். கணவன் பேருந்து ஓட்டுகிறான். எட்டு மாதக் குழந்தை. வாடகை வீட்டை சனிக்கிழமை காலி செய்ய வேண்டும். இந்த வீட்டுக்காக எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது. பிறகு ஒரு தொட்டிக்கு என்று எடுத்துப் போட அவர்களிடம் ஒன்றுமில்லை. நொரீன் மறுபடி காரை எடுத்தாள்.

பிராட் வாசலில் நின்றிருந்தார். அவருடைய கார்க் கதவில் ஒட்டிய விளம்பரத்தில் அவர் முகமே பெரிதாகச் சிரித்தது.

"அட, நீங்களே வந்துட்டீங்களா! ஸ்கூல்ல இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"கோழிக் குழம்பு. வீட்டப் பாக்கலாமா?"

டெஸ்ஸா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நொரீனைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஆன்ட்டி, நீங்க ஏன் வந்தீங்க? அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார்," என்றாள் நொரீன். "குழாயெல்லாம் திறந்து பாத்தியா?"

"பாத்தேன். நல்லா வருது."

நொரீன் வெளியே போய்த் தொட்டியின் அருகே நின்றாள். விரல் முட்டியால் தகரத்தில் தட்டினாள். கீழே கனத்த சத்தம். இடுப்பு உயரத்தில் அதே சத்தம். நெஞ்சு உயரத்திலும். தோளுக்கு மேலே, விளிம்புக்கு ஒரு சாண் கீழே, சத்தம் வெறுமையாகத் திறந்துகொண்டது.

"கிட்டத்தட்ட ஃபுல்," என்றார் பிராட். "நேத்துதான் லாரில ரெண்டு லோடு ஊத்தச் சொன்னார் ஓனர். புதுசா வர்றவங்களுக்கு ஒரு மரியாதைக்கு."

"விளிம்பு வரைக்குமா?"

"தளும்பத் தளும்ப."

"அவங்க வீட்டக் காலி பண்ணது ஞாயித்துக்கிழமதானே?"

"ஆமா."

"அப்ப நேத்திலிருந்து இங்க யாரும் குளிக்கல. ஒரு சாண் தண்ணி எங்க போச்சு, பிராட்?"

அவர் சிரித்தார். "வெயில்ல ஆவியாயிருக்கும்."

"ஒரே நாள்லயா? வல போட்டு மூடின தொட்டிலயா?"

தொட்டியின் பின்பக்கம் இஞ்சிச் செடிகள் அடர்ந்து தகரச் சுவரை ஒட்டி நின்றன. முன்பக்கம் புல் வைக்கோலாக இருந்தது. இங்கே பெரணிகள் கண்ணைப் பறிக்கும் பச்சை. அவள் செடிகளை விலக்கி உள்ளே நுழைந்தாள். செருப்பு புதைந்தது. மண்டியிட்டுத் தகரத்தின் அடியில் கையை வைத்தாள். விரல்களுக்கிடையில் குளிர்ந்த சேறு.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

யார் என்று அவளுக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். எடுத்துப் பார்த்துவிட்டால் அதன் பிறகு தன்னால் பேச முடியாது. அது நிற்கும்வரை சேற்றில் கையை வைத்தபடி இருந்தாள்.

"டெஸ்ஸா, இங்க வா. குழந்தைய பிராட்கிட்ட குடுத்துட்டு வா."

டெஸ்ஸா வந்து பார்த்தாள். அவள் காலும் புதைந்தது. புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. அவளும் மலையில் வளர்ந்தவள்தான்.

"இது... எத்தன நாளா ஒழுகுது?"

"தெரியல. பரிசோதகர் ஏணி போட்டு மேலருந்துதான் பாத்தார். அன்னிக்கும் ஊத்தி நிரப்பியிருக்கணும். நானும் பின்னால வந்து பாக்கல. அது என் தப்பு."

"ஆன்ட்டி, சனிக்கிழம வீட்ட விடணும். பரவால்லன்னு கையெழுத்து போட்டுட்டா? அப்புறமா சரி பண்ணிக்க மாட்டோமா?"

"போட்டுட்டா அப்புறம் அது உங்க ஓட்ட. வாரத்துக்கு வாரம் லாரித் தண்ணி வாங்குவீங்க. போடாத."

போன் மறுபடி அதிர்ந்தது.

"உங்க போன்," என்றார் பிராட், குழந்தையைத் தோளில் சங்கடமாகச் சாய்த்துக்கொண்டு.

"கேக்குது. குறை இருந்தா எழுதணும்னு படிவத்துல இடம் இருக்கு. உங்க ஓனர் தொட்டிக்கு நேரா இல்லன்னு போட்டிருக்கார். இப்ப அவருக்கு எழுதுங்க. தொட்டிக்குப் புது விரிப்பு அவர் செலவுல போடணும். போட்டு முடிக்கிற வரைக்கும் பதிவு கிடையாது. அதுவரைக்கும் இவங்க இந்த வீட்டுல வாடகை இல்லாம தங்கிக்கலாம், சனிக்கிழமலருந்து."

"நொரீன், இதெல்லாம் உக்காந்து பேச வேண்டிய விஷயம். ரெண்டு நாள்ல..."

"இல்லன்னா இன்னிக்கே விலகிக்கறோம். அடுத்து வாங்க வர்றவங்ககிட்ட இந்த ஓட்டைய நீங்களே சொல்லணும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே."

 பிராட் குழந்தையை டெஸ்ஸாவிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போனார். உரிமையாளரோடு அவர் பேசுகிற குரல் மட்டும் கேட்டது. சில இடங்களில் தணிந்தது, சில இடங்களில் எகிறியது. மூன்றாவது முறை போன் அதிர்ந்தபோதும் நொரீன் எடுக்கவில்லை. பிராட் திரும்பி வந்து, உரிமையாளர் ஒத்துக்கொண்டதாக எழுதிய செய்தியைக் காட்டினார். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'பழுது பார்த்தல்' என்றிருந்த இடத்தைப் 'புதிது போடுதல்' என்று மாற்றச் சொன்னாள். மாற்றினார்.

அதன் பிறகுதான் காருக்குள் உட்கார்ந்து போனை எடுத்தாள். காரல் ஒரே வரி அனுப்பியிருந்தாள். அப்பா போயிட்டார், 3.25.

மூன்று இருபத்தைந்துக்கு அவள் மண்டியிட்டிருந்தாள். ஸ்டியரிங் மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் சேறு காயத் தொடங்கியிருந்தது. வராமல் இருந்திருந்தால் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு ஓர் எல்லை வரை போய்விட்டு, வேறு பதில் எதுவும் கொண்டுவராமல் திரும்பியது. அழுகை மலையிறக்கத்தில் வந்தது. பார்வையை மறைக்காத அளவுக்கு மட்டும் அழுதாள்.

வீட்டு வாசலில் வழக்கமான செருப்புகள் மட்டும்தான் இருந்தன. அவளுடையதைக் கழற்றினாள். இரண்டிலும் கணுக்கால் பட்டை வரை சேறு.

அப்பாவின் முகத்தைத் துடைத்து, தலைமுடியை வாரிவிட்டிருந்தார்கள். தலைமாட்டில் ஊதுவத்தி. கிண்ணமும் பஞ்சும் பக்கத்து மேஜையில் இருந்தன. நொரீன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"பின்பக்கம்பா," என்றாள், யாருக்கும் கேட்காத அளவில். "அடியில."

காரல் சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. நொரீன் எதிர்பார்த்த கோபம் அதில் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அமைதியாத்தான் போனார்," என்றாள் காரல். "ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வரும்னு நானும் கிளெனும் பாத்துட்டே இருந்தோம்."

"நீ நனைச்சியா?"

"நனைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் பேரச் சொல்லியும் ஒரு தடவ."

 கிளென் பின்கட்டில் போனில் சவ அடக்கக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஃபுமிகோ ஆன்ட்டி புத்தர் கோயில் சாமியாரக் கூட்டிட்டு வர்றாங்க," என்றாள் காரல். ஆன்ட்டி அம்மாவின் தங்கை. "தலமாட்டுல ஓதறதுக்கு. வந்ததும் ஆன்ட்டி கேப்பாங்க, தெரியும்ல. அம்மா போறப்ப பக்கத்துல யாருமே இல்லன்னு எட்டு வருஷமா சொல்லிட்டிருக்காங்க. நான் போன்லயே சொல்லிட்டேன், மூணு பேரும் பக்கத்துல இருந்தோம்னு. கடைசித் தண்ணி கேட்டார், மூணு பேரும் குடுத்தோம்னு."

நொரீன் நிமிர்ந்தாள்.

"உனக்காகத்தான் சொன்னேன். அப்பா போற நேரத்துல இவ வீடு விக்கப் போனாளாம்னு ஊரெல்லாம் பேசணுமா? நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டு. சாமியார் நாளைக்கு எல்லார் முன்னாலயும் அதையே சொல்லுவார், முடிஞ்சுது."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆன்ட்டியின் குரல், யாரிடமோ பாத்திரத்தைச் சாய்க்காமல் பிடிக்கச் சொன்னது.

"எழுந்திரு, நொரீன். வாசல்ல உன் செருப்பு இருக்கு பாரு, ஒரே சேறு. மழையே இல்லாத நாள்ல எங்கருந்துன்னு கேப்பாங்க. சீக்கிரம், குழாயடில கழுவிப் பின்னால போட்டுடு."

நொரீன் எழுந்தாள். அக்காவின் தோளில் கையை வைத்தாள். ஏறியிறங்கிய அந்தத் தோள் கொஞ்சம் அடங்கும்வரை எடுக்கவில்லை.

"வேணாம்கா," என்றாள். "அங்கயே இருக்கட்டும்."

பிறகு போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். ஃபுமிகோ ஆன்ட்டி படியில் குனிந்து, தன் வெள்ளைச் செருப்பைக் கழற்றி, அந்தச் சேற்றுச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.