பஸ்லினா டீச்சர் எழுதிய பூச்சியங்கள்

கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசினால் ஆட்டோக்காரர்கூடச் சிரிப்பார். எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீற்றருக்குக் குறையாமல் போக வேண்டும். ஆனாலும் அங்கேதான், ஒரு பழைய பங்களாவின் பின் அறையில், மாதாமாதம் கடல் போத்தல் போத்தலாக வந்து இறங்கியது.

ஏற்பாடு இதுதான். கரையோர மீனவர்களில் மனமுள்ளவர்கள் மாதத்தில் ஒரு நாள் படகின் பின்னால் மிக மெல்லிய வலையொன்றைக் கட்டி, கடலின் மேல்மட்டத்தில் கால் மணி நேரம் இழுப்பார்கள். வலையில் சேர்ந்ததைக் கண்ணாடிப் போத்தலில் கழுவி ஊற்றி பஸ்ஸில் அனுப்புவார்கள். கண்டித் தொண்டர்கள் சனிக்கிழமைகளில் கூடி, அதை வடிதாளில் வடித்து, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகளையும் நூல்களையும் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. அமைப்பை நடத்துகிற துஷானி மிஸ் வீட்டிலிருந்து பகல் சாப்பாடு வரும், அவ்வளவுதான்.

எண்ணுகிறவர்களில் மூத்தவர் பஸ்லினா டீச்சர். கெலிஓயாவில் முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் செய்முறைப் பாடத்தில் அளந்து பார்க்காமல் விடையை எழுதினால் கொப்பி ஜன்னலுக்கு வெளியே போகும். அந்தக் கண்டிப்பை அவர் அம்பிட்டியவுக்கும் கொண்டுவந்தார். பருத்தி மேலங்கியைப் பொத்தான் பூட்டாமல் போட்டுக்கொண்டு யாராவது உள்ளே வந்தால் போதும், அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மேலங்கிக்குக் காரணம் உண்டு. நம் உடுப்பிலிருந்தும் நூல் பறக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவர் பக்கத்திலும் ஈர வடிதாள் விரித்த ஒரு கண்ணாடித் தட்டு திறந்தபடி இருக்கும். கடல்நீர் அதில் ஒரு சொட்டும் விழாது. காற்றில் வருவது மட்டும் விழும். வேலை முடிந்ததும் அந்த வெறும் தட்டையும் பார்த்து, கண்டதைத் தாளில் எழுத வேண்டும். அதில் ஒரு நிற நூல் இருந்தால் அந்த நிறத்தைப் போத்தலின் எண்ணிக்கையிலிருந்து கழிப்பார்கள்.

டீச்சர் முதல் வருஷம் முழுக்க ஒழுங்காகப் பார்த்தார். எல்லாச் சனிக்கிழமையும் பூச்சியம். அதற்குப் பிறகு தட்டைப் பார்க்காமலே பூச்சியம் எழுதத் தொடங்கினார். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. கண் எரியும், நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது, எப்படியும் பூச்சியம்தானே. கொப்பியை ஜன்னலால் எறிந்தவரே பார்க்காமல் எழுதுவார் என்று யார்தான் நினைப்பார்கள்?

நவம்பரில் மழையோடு குளிரும் இறங்கியது. அம்பிட்டியக் குளிர் கெலிஓயாக் குளிர் அல்ல, எலும்புவரை போகும். டீச்சர் கட்டுகஸ்தோட்டையில் வாங்கிய ஊதா நிற சுவெட்டரைப் போட்டு, அதற்கு மேல் பருத்தி மேலங்கியைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தார். மேலங்கியின் கை கொஞ்சம் குட்டை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவருக்கு ஒதுக்கப்பட்டவை கற்பிட்டி மனுவேலின் போத்தல்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் அவற்றில் ஊதா நூல்கள் நிறைந்து கிடந்தன. வேறு யாருடைய போத்தலிலும் இல்லை. வெறும் தட்டோ, தாளின்படி, பூச்சியம். அப்படியானால் குற்றம் படகில்தான் என்று டீச்சர் முடிவு கட்டினார். துஷானி மிஸ் "கொஞ்சம் பொறுப்போமே" என்று சொல்லியும் கேட்காமல், கரையோரத் தொண்டர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் அவரே எழுதினார்.

"கற்பிட்டி மனுவேலின் படகில் ஊதா நைலோன் கயிறு பாவிக்கப்படுகிறது. மூன்று மாத மாதிரிகள் வீணாகிவிட்டன. மற்றவர்களாவது அறிவுறுத்தல்களை வாசிக்கவும்."

அந்த 'மற்றவர்களாவது' இருக்கிறதே, அதை எழுதும்போது டீச்சருக்கு ஒரு திருப்தியும் இருந்தது. மனுவேலிடமிருந்து ஒரு வரிதான் பதில் வந்தது. "மன்னிக்கணும் டீச்சர், பார்க்கிறேன்."

பெப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை நுணுக்குக்காட்டிக்குப் புது வில்லை வந்தது. சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க டீச்சர் வடித்த குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வைத்தார். கடலைக் கண்ணாலும் காணாத தண்ணீர். அதில் இரண்டு ஊதா நூல்கள் வளைந்து கிடந்தன.

டீச்சர் நிமிர்ந்தார். வில்லையைத் திருப்பப் போன அவர் கை கண்ணெதிரே இருந்தது. மேலங்கிக் கைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு ஊதா சுவெட்டர், விளிம்பெல்லாம் பஞ்சு பறந்தபடி. பக்கத்திலிருந்த வெறும் தட்டை எடுத்து வில்லையின் கீழ் வைத்தார். பதினொரு நூல்.

முகம் சுட்டது, காது சுட்டது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கூசியது. சுவெட்டரைக் கழற்றிச் சுருட்டி ஹேண்ட்பேக்குக்குள் திணித்தார். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த சனியும் சொல்லவில்லை. வீட்டில் இருந்து வாட்ஸப்பில் நாலு தடவை எழுதினார், நாலு தடவையும் அழித்தார். தவறிப் பறந்த நூல் என்றால் சொல்லிவிடலாம், அது யாருக்கும் நடக்கும். பார்க்காமல் எழுதிய பூச்சியத்தை என்னவென்று சொல்வது? அதற்கு இருக்கிற பெயர் பொய். அந்தச் சொல்லை எழுதத்தான் அவர் விரல் வரவில்லை.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் ஓர் உரப்பை. விடியக் கிளம்பி, புத்தளம், குருணாகல், கண்டி என்று நாலு பஸ் மாறி வந்திருந்தார். டீச்சர் அவரை அதுவரை நேரில் கண்டதில்லை. ஆனால் உப்புக்காற்றில் வெளுத்த அந்தச் சேர்ட்டைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது.

"மனுவேல்" என்றார் அவர். "டீச்சர், படகுல உள்ள எல்லாத்தையும் கொண்டாந்துட்டன். எது ஊதா நூல விடுதெண்டு காட்டுங்க. அத எரிச்சிப்போட்டுத் திரும்ப இழுத்துத் தாறன்."

பழைய பேப்பரை விரித்து உரப்பையைக் கொட்டினார். கயிறுகள், மிதவைகள், படங்குத் துண்டு, கடலுக்குப் போடுகிற இரண்டு சேர்ட், தலையில் கட்டுகிற துவாய். எல்லாம் பச்சையும் நீலமும் வெள்ளையும். துவாயைத் துவைத்து மடித்துக்கூடக் கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுல ஒரு ஊதாக் கயிறு இருந்திச்சு" என்றார் தயங்கி. "தம்பி ரொஹான் வாங்கினது. படகுக்கு ஏத்தவே இல்ல எண்டு சத்தியம் பண்ணினான். நான் நம்பல டீச்சர். கோயில் வாசல்ல, ஆக்கள் நிக்கக்குள்ள, பொய்யன் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப அவன் வேற படகுல போறான்."

துஷானி மிஸ் ஒவ்வொன்றிலும் ஒரு நார் பிய்த்து வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு டீச்சரின் தாள்களை எடுத்துப் புரட்டினார்.

"வெறும் தட்டு எல்லாம் பூச்சியம். படகிலயும் இல்ல" என்று முகம் மலர்ந்தார். "அப்ப இந்த ஊதா கடல்லதான் ஈக்குது! மனுவேல் அண்ணன், உங்க மூணு மாசத்தையும் திரும்பச் சேக்கிறேன். அறிக்கையில முதலாவதா போடலாம்."

மனுவேலின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தப்பிக்க இதைவிட நல்ல வழி யாருக்கும் கிடைக்காது. டீச்சர் வாயைத் திறக்க வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். மனுவேலின் பழி போகும், தம்பியின் பழியும் போகும். ஆனால் கட்டுகஸ்தோட்டையில் வாங்கிய சுவெட்டரின் நூல் கற்பிட்டிக் கடலின் நூல் என்று ஒரு பொய் அச்சில் ஏறும், அதன் கீழே அவர் பெயரும் இருக்கும்.

"சேக்க வேணாம் மிஸ்" என்றார் டீச்சர். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "சேக்க வேணாம். அது என்ட சுவெட்டர். குளிருக்குப் போட்டீந்தேன்."

"ஆனா தட்டுல பூச்சியம்..."

"நான் தட்டப் பாக்கல்ல. ஒரு வருஷமா பாக்கல்ல. பாக்காமத்தான் எழுதின. ரெண்டு கிழமைக்கு முந்தித் தெரிஞ்சி, அப்பவும் சொல்லல்ல." பிறகு மனுவேலைப் பார்க்க முயன்றார், பார்வை அவர் மடித்துக் கொண்டுவந்த துவாய் வரைக்கும்தான் போனது. "மனுவேல் அண்ணன், பொய் சொன்னது நான். உங்கட தம்பி இல்ல."

துஷானி மிஸ் தாள்களை மேசையில் வைத்தார். ஏசினால் நன்றாக இருந்திருக்கும், அவர் ஏசவில்லை. மனுவேல் குந்தி உட்கார்ந்து கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி உரப்பைக்குள் போட்டார். எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் போனை எடுத்தார்.

"எனக்குச் சொன்னா காணாது டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அவனுக்குச் சொல்லுங்க. நான் எடுத்தா அவன் தூக்க மாட்டான். உங்கட போனுல இருந்து எடுங்க."

இலக்கத்தை அவர் சொல்ல, டீச்சர் அழுத்தினார். மறுபக்கம் கடற்கரைக் காற்று இரைந்தது.

"யாரு?"

"நான் கண்டியிலேந்து, பஸ்லினா டீச்சர். குழுவில அந்த அறிவித்தல் போட்ட ஆள்." நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சுவெட்டர், தட்டு, பூச்சியம், இரண்டு கிழமை. குழுவிலும் இப்போதே எழுதுவதாகச் சொன்னார்.

"அண்ணன் அங்கயா நிக்கிறான்?"

"ஓ, பக்கத்திலதான் ஈக்கிறார். குடுக்கவா?"

மனுவேல் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"வேணாம் டீச்சர்" என்றான் ரொஹான். "நீங்க ஆரெண்டே எனக்குத் தெரியா. நீங்க எழுதினது எனக்குப் பெருசில்ல. அவன் என்னோட முப்பது வருஷம் ஒரே படகுல இருந்தவன்."

போன் நின்றது. மனுவேல் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. தம்பி என்ன சொன்னான் என்று கேட்டார்.