ஈயலம்பத்து மணல்

லீலாவதிக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தபோது, பழி முழுக்க அவளுடைய சைக்கிள் மேல் விழுந்தது.

அது சாதாரண சைக்கிள் இல்லை. தடித்த டயரும் கியரும் வைத்த சிவப்பு மவுண்டன் பைக். ராவாங்கில் அவள் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில், குலுக்கலில் கிடைத்தது. எண்பத்தெட்டாம் வருஷம் ஈஜோக் பக்கம் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"பொம்பள அதுல ஏறி குலுங்கிக்கிட்டுப் போனா வயித்துல எது தங்கும்?" என்று மாமியார் தங்கமணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "நீ செஞ்ச எதனாலயும் இல்லம்மா, சிலருக்கு இப்படி ஆயிரும்" என்று சொன்னதை லீலாவதி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

அவளுக்கு வலித்தது மாமியார் பேச்சுகூட இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது கணவன் தனபாலன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம சிவானந்தம் அண்ணன் சைக்கிளப் பாக்க வராரு. வித்துரலாம் லா. அம்மா வாயாவது அடங்கும்" என்றான். அதுதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தனபாலன் இறைச்சி வாங்கப் போயிருந்தான். லீலாவதி வேலைக்குப் போடும் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கூந்தலை இறுக முடிந்து, ஒரு போத்தல் தண்ணீரோடு சைக்கிளை வெளியே தள்ளினாள். குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு எட்டிப் பார்த்த தங்கமணி, "எங்கடி போற?" என்று கத்தினாள்.

"மணலுக்கு!"

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் அந்த மணல் கிடந்தது. ஈயத்தின் விலை விழுந்து, ஈயலம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்களை மூடிய பிறகு மிச்சமிருந்தது அதுதான். கப்பல் மாதிரி மிதக்கும் இயந்திரங்கள் மண்ணைத் தோண்டி, ஈயத்தை எடுத்துக்கொண்டு துப்பிய வெள்ளை மணல், கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு மேடாக; நடுநடுவே நீலக் குட்டைகள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தொழிற்சாலை பஸ்ஸில் மற்ற பெண்கள் தூங்கிவிழும்போது லீலாவதி மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு நாளாவது குறுக்கே ஓட்டி மறுபக்கம் போய்விட வேண்டும் என்று நினைப்பாள்.

வேலி பிய்ந்து கிடந்த இடத்தில், பழைய ஈயக் கம்பெனியின் காவல்காரர் செல்லன் தகரக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தார்.

"எங்க தங்கச்சி போறீங்க? இங்க ஆம்பளைங்களே தனியா போகமாட்டாங்க."

"அந்தப் பக்கம் ரோட்டுக்கு வழி இருக்கா அண்ணே?"

"லோரி போன தடம் இருக்கு. இப்ப யாரும் போறதில்ல லா."

"நான் போறேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளையா இருக்கிற மணல்லயே போங்க. சாம்பல் நிறமா இருந்தா அது சேறு. இழுத்துரும்."

முதலில் தடம் கெட்டியாக இருந்தது. பிறகு சக்கரம் புதைய ஆரம்பித்தது. இறங்கித் தள்ளினாள். வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் சுட்டது. ஒரு மேட்டின் உச்சிக்கு வந்தபோது அடிவயிறு இழுத்துப் பிடித்தது. மூச்சு வாங்க நின்றாள். எதிரே இறக்கம். ஏறி உட்கார்ந்து பிரேக்கைத் தொடாமல் விட்டாள். காற்று முகத்தில் அறைந்தது. வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

கீழே சாம்பல் நிறத்தைப் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. முன்சக்கரம் சொருகி நிற்க, அவள் தூக்கி எறியப்பட்டு முழங்கால் வரை சேற்றில் விழுந்தாள். கெட்டி மணலைப் பிடித்துத் தவழ்ந்து ஏறித் திரும்பிப் பார்த்தால், சைக்கிளின் முன்பக்கம் கைப்பிடி வரை இறங்கியிருந்தது.

போனால் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பிள்ளைக்கும் அதைத்தான் சொன்னார்கள், போனா போவுது, அடுத்தது வரும் என்று. இரண்டாவதற்கும் அதையேதான் சொன்னார்கள். லீலாவதி மணலில் குப்புறப் படுத்து, எட்டி, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றினாள். "விடமாட்டேன்" என்றாள். கை வழுக்கியது. மறுபடி பற்றினாள். "விடமாட்டேன்!" சேறு ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

சைக்கிளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். சுவரெல்லாம் பலகையான வீட்டில் இத்தனை நாள் வாயைப் பொத்தி அழுதவள், இங்கே ஓலமிட்டு அழுதாள். தொண்டை வற்றியதும் குட்டையில் முகம் கழுவி, மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டினாள். தடம் மறுபக்கத்துத் தார் ரோட்டில் போய் ஏறியது.

வரும்போது ரோட்டு வழியாகவே வந்தாள். காப்பிக் கடையில் இருந்தவர்கள் சேறு அப்பிய பெண்ணை வாய் பிளந்து பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை.

வீட்டில் சிவானந்தம் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். தங்கமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பாருங்கய்யா இவ கோலத்த! இவளுக்கு எப்படிப் புள்ள நிக்கும்?"

லீலாவதி சைக்கிளை வாசலில் நிறுத்தினாள். "மன்னிச்சுருங்க அண்ணே, இது விக்கிறதுக்கு இல்ல." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்த, ரெண்டு புள்ளையப் பறிகுடுத்தவ நான். சைக்கிளும் கொல்லல, நானும் கொல்லல. இனி ஒரு தடவ அந்தப் பேச்சு எடுத்தீங்கன்னா, யார் முன்னாடியா இருந்தாலும் இதேதான் சொல்லுவேன்." தனபாலனைப் பார்த்தாள். "உங்களுக்கும்தான்."

"அவதான் சொல்லிட்டாள்ல அண்ணே" என்றான் தனபாலன் சிவானந்தத்திடம். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

தங்கமணி அதன்பிறகு வெகுநாள் அவளோடு பேசவில்லை. தனக்கென்று தனியாக உலை வைத்துக்கொண்டாள். லீலாவதி அடுத்த ஞாயிறும் கிளம்பினாள், அதற்கடுத்த ஞாயிறும். ஒரு தடவை தனபாலன் வாசலில் வந்து நின்று, "நானும் வரட்டா?" என்று கேட்டான்.

"மொதல்ல உங்கம்மாகிட்ட எனக்காக ஒரு வார்த்த பேசுங்க. அப்பறம் வாங்க."

அவன் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். லீலாவதி காத்துக்கொண்டிருக்கவில்லை. காலைத் தூக்கிப் போட்டு மிதித்தாள்.