பெயிண்டில் கை வைக்காதே

பிரவீனா வீட்டு ஹாலில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. போன தீபாவளிக்கு முன்பிருந்தே நிற்கிறது. விருந்தாளி வந்தால் பிளாஸ்டிக் நாற்காலிதான், அதுவும் டேங்கில் உரசாத தூரத்தில்.

அவள் புருஷன் ஹரீஷ்குமாருக்கு ஓசூர் சிப்காட்டில் பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. முடியளவு கோடு தெரிந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். அதே புத்தியோடு, ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை அக்கக்காகக் கழற்றி, பெயிண்டைப் பூசு பூசென்று பூசி, புது வயரிங் போட்டுப் பூட்டியிருந்தான். பளபளப்பில் ஒரு குறையும் இல்லை. ஓடத்தான் மாட்டேன் என்றது. ஹாரன் அடித்தால் ஹெட்லைட் அணையும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் கூடவே கண்ணடிக்கும். உதைத்தால் கிளம்பி, தெருமுனை வரை போய்ப் படுத்துக்கொள்ளும்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா மொத்தத்தையும் மறுபடி பிரிச்சிடறேன்" என்றான் ஹரீஷ். மறுபடியுமா? இன்னொரு வருஷம் நட்டும் போல்ட்டும் சாப்பாட்டு மேஜையிலா? தன் ஹால் தனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று பிரவீனா நிஜமாகவே பயந்துபோனாள்.

சனிக்கிழமை பாகலூர் ரோட்டில் எலக்ட்ரீஷியன் ஷேக் தாவூத் கடைக்கு இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாய் டெஸ்ட் லேம்ப்பை இங்கும் அங்கும் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், கரண்ட் போனா திரும்பி வரணுமில்ல? பாடி வழியாத்தான் வரணும். நீங்க போல்ட் அடியிலகூட பெயிண்ட் பூசி வழிய அடைச்சு வெச்சிருக்கீங்க. எர்த்தே இல்ல. சீட்டுக்கு அடியில கொஞ்சம் சுரண்டினா போதும்."

"சுரண்டறதா? ஓரி தேவுடா!" கோபம் வந்தால் ஹரீஷுக்குத் தெலுங்குதான். "பெயிண்ட்ல கை வெக்காதீங்க பாய். வேற வழி சொல்லுங்க."

வேற வழி இல்லை என்றார் பாய். அவ்வளவுதான், ஹரீஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டான். வெயிலில் தள்ளித் தள்ளி நாக்குத் தள்ளியது பிரவீனாவுக்கு.

அன்று சாயங்காலமே பாய்க்கு ரகசியமாகப் போன் போட்டாள். "பாய், எந்த எடத்துல சுரண்டணும்? நான் பாத்துக்கறேன். அவர மட்டும் ஊரவிட்டு அனுப்புங்க."

"அட, தங்கச்சி பயங்கரமான ஆளா இருப்பீங்க போல!" என்று சிரித்த பாய், இடத்தைச் சொன்னார். மறுநாள் காலையில் ஹரீஷைக் கூப்பிட்டு, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு ரிலே கிடைக்கும், அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றும் அளந்துவிட்டார். அத்திப்பள்ளி டிராஃபிக்கை நினைத்தாலே தலைவலி வருகிற மனுஷன், மறுபேச்சில்லாமல் பிரவீனாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கதவைச் சாத்தியதும் பிரவீனா சீட்டைக் கழற்றினாள். சுரண்ட என்ன செய்வது, காய் சீவுகிற கத்தியா என்று தேடினால், டூல் பாக்ஸ் மேலேயே புத்தம்புது உப்புக்காகிதம் மடித்துக் கிடந்தது. அதிர்ஷ்டம்தான் என்று எடுத்துக்கொண்டாள். பாய் சொன்ன போல்ட்டைத் தளர்த்தி, அடியில் தேய்த்தாள். ஒன்றரை வருஷத்து எரிச்சல் கையில் இறங்கியது, பரபரவென்று வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒரு இடம் போதும் என்று பாய் சொன்னது ஞாபகம் வந்தபோது மூன்று இடத்தில் தேய்த்து முடித்திருந்தாள்.

எல்லாவற்றையும் பூட்டித் துடைத்து, ஒன்றுமறியாதவள்போல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஹரீஷ் வந்தான்.

"கடை லீவு. சும்மா ஒருதரம் பாக்கலாமா?"

வாசலுக்குத் தள்ளி ஒரே உதை. வண்டி படபடவென்று பிடித்துக்கொண்டது. ஹாரன் அடித்தான், ஹெட்லைட் அசையவில்லை.

"பேட்டரி ரெஸ்ட் எடுத்திருக்கும்" என்றாள் பிரவீனா.

"ஆமாமா, ரெஸ்ட் எடுத்திருக்கும்" என்றான் அவன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மதியமே ராயக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரவீனாவுக்கு ஒரே கும்மாளம். சோபாவுக்கு என்ன கலர் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினான்.

"உப்புக்காகிதம் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டூல் பாக்ஸ் மேல நான்தான் வெச்சுட்டுப் போனேன்" என்றான் ஹரீஷ். "பாய்கிட்ட நீ போன்ல கிசுகிசுத்தது பாத்ரூம் வரைக்கும் கேட்டுச்சு. பெங்களூருக்கு யாரு போனா? நம்ம தெருமுனை டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன். என் கண் முன்னாடி யாரும் சுரண்ட வேணாம்னுதான்..." மேலே பேச முடியாமல் டம்ளரைப் பார்த்தான். நிஜமாகவே அவன் கண் கலங்கியிருந்தது. பிரவீனாவுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

"ஒரே ஒரு எடந்தானே சுரண்டின?" என்றான்.

பிரவீனா மூன்று விரலைக் காட்டினாள்.

"ஓரி தேவுடா!"