சுத்தியாச்சா?

என் அண்ணன் மிங்-தாங் தாய்பேயிலிருந்து வந்து இறங்கியதும், பசிக்கிறது என்று வீட்டுக் கணினிச் சர்வர் மேல் இருந்த பச்சைத் தீனிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டான். தின்றதோடு விட்டானா? அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று மூலைக்கடையில் இன்னொன்று வாங்கி அதே இடத்தில் வைத்தான். மஞ்சள் பொட்டலம்!

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அந்தத் தீனியின் பெயருக்கே 'சமர்த்தா இரு' என்றுதான் அர்த்தம். இயந்திரம் இருக்கிற இடத்தில் அதன் தலைமேல் ஒரு பொட்டலம் இருக்கும். உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. மஞ்சள் வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். நான் தைனானில் சிப் தொழிற்சாலையில் பொறியாளர். எங்கள் கட்டடத்திலேயே விலை கூடிய இயந்திரத்தின் மேலும் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பேன். அதை எடு என்று சொன்னால் எடுக்க மாட்டேன்.

மறுநாள் அப்பா போய் ஒரு வருஷம் நிறைகிற நாள். ஜியாயியில் இருக்கிற எங்கள் பழைய வீட்டுக்கு மத்தியானம் சொந்தக்காரர்கள் சாப்பிட வருவார்கள். அவர்கள் வருவதற்குள் அம்மாவுக்கு ஒன்று நடந்தாக வேண்டும். அப்பா கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்ட புத்தாண்டு விருந்தை அண்ணன் தன் புது போனில் படம் எடுத்திருந்தான். அதை, அப்பா ஆசைப்பட்டு வாங்கிய பெரிய டிவியில் முழுசாகப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு காது போய்விட்டது. மற்றதும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அவரு கொரலு காதுல விழுறப்பவே ஒரு தடவ பாத்துடணும்டி. ஒங்க போன்ல பாத்தா கடுகு சைஸுல இருக்காரு. கூட்டம் வந்துட்டா ஒரே எரைச்சல், எனக்கு ஒண்ணும் புரியாது. அதுக்கு முன்னாடி போட்டுரு" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் அம்மா.

சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். என் பழைய கணினியைப் பிரித்து நானே கட்டிக்கொடுத்த பெட்டி. குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அது உட்கார்ந்திருப்பது எங்கள் கடையின் பழைய கவுண்ட்டர் மேல்.

ஆமாம், கடை. வீட்டின் முன்பக்கம் ஒரு காலத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற கடையாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. எந்தப் படம் எந்த அடுக்கில் என்று அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார். ஒவ்வொரு கேசட் முதுகிலும் சிவப்பு மையில் அவர் கையெழுத்து. பாதிப் பேர் படம் பார்த்து முடித்த கேசட்டை முதலுக்குத் திருப்பிச் சுற்றாமலே கொண்டுவந்து போடுவார்கள். அதையெல்லாம் சுற்றி வைப்பது அம்மா வேலை. அதற்கென்றே சிவப்புக் கார் வடிவத்தில் ஒரு மெஷின் இருந்தது. நானும் அண்ணனும் கவுண்ட்டருக்குப் பின்னால் பாய் போட்டுப் படுத்திருப்போம். மெஷின் விர்ரென்று ஏறி, கடைசியில் டக்கென்று நிற்கும். அந்த டக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்போது எத்தனையோ வசதி வந்துவிட்டது. எனக்கு அந்த டக் வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, படத்தைப் போட்டேன். அப்பா வட்ட மேசையில் உட்கார்ந்திருந்தார். சாப்ஸ்டிக்ஸைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். திரை நடுவில் வட்டம் சுற்றியது. பிறகு, "சா... சா... சாப்..." என்றார். மறுபடி வட்டம், அடியில் சிவப்பாக ஏதோ அறுந்த கோடு.

"என்னடி இது, அவருக்குத் திக்குவாய் வந்துருச்சா?" என்றாள் அம்மா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன வாரம்தான் வந்து போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போட்டேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். மூடியைத் திறந்து விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதினேன். பெட்டி அடுப்பாகக் கொதித்தது. மூடியைத் திரும்ப வைக்கும்போதுதான் பொட்டலத்தைச் சரியாகப் பார்த்தேன்.

"அண்ணே, இங்க மஞ்சள வச்சது யாரு?"

அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"பச்ச எங்க?"

"பசிச்சுது, லீ-யுன். நேத்து ரயில்ல ஒண்ணும் கெடைக்கல."

"அதுக்கு சாமிக்கு வச்சதத் திம்பியா? அறிவிருக்கா ஒனக்கு? மஞ்சளக் கொண்டாந்து வச்சிருக்கியே, இதுக்குப் பெட்டிய உடைச்சே போட்டிருக்கலாம்!"

"அந்தக் கடையில பச்ச இல்லடி. இவ பெரிய பொறியாளராம், பொட்டலத்துக்குப் போயி இந்தக் குதி குதிக்கிறா!"

"அப்ப நீயே போயி எடுத்துத் தின்னுட்டு வா அந்த மஞ்சளையும்."

திட்டிவிட்டு நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், மூன்றாவது கடையில் பச்சை வாங்கி வந்து வைத்தேன். அம்மா ஊதுபத்தி கொளுத்திப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டாள். படத்தைப் போட்டோம். "சா... சா..." என்றார் அப்பா.

மணி பதினொன்று ஆகப் போகிறது. சமையலறையில் கோழி வெந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் படத்தின் தரத்தைக் குறைத்தேன். ஒருவழியாக நிற்காமல் ஓடியது, அடியில் மட்டும் சிவப்பாக ஏதோ கறை வந்து வந்து போனது. அப்பாடா என்று திரும்பினால், அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள்.

"வாய் தெரியலையே" என்றாள்.

"சத்தம்தான் வருதேம்மா!"

"சத்தம் பாதிதான் கேக்குது. வாயக் காட்டு. தண்ணி பட்ட காயிதமாட்டம் இருக்கு மொகம். இதுக்கு அந்த போனே தேவல."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். தொழிற்சாலையில் எது நின்றாலும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எது மாறியது? பொட்டலம் மாறியது. அதைச் சரிசெய்தாகிவிட்டது. வேறென்ன? சர்வர் என்ன செய்கிறது என்று காட்டும் பக்கத்தை என் போனில் திறந்து பார்த்தேன். டிவி கேட்காத வேலையை அது செய்துகொண்டிருந்தது. இந்த டிவிக்கு அவ்வளவு பெரிய படத்தை அப்படியே வாங்கிக் காட்டத் தெரியும். ஆனால் பெட்டியோ ஒவ்வொரு காட்சியையும் பிரித்து, அதன் மேல் எதையோ ஒட்டி, மறுபடி கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: சப்டைட்டில்.

"அண்ணே, இதுல நீ சப்டைட்டில் போட்டியா?"

"நேத்து வந்ததும் ஏத்துனேன். அம்மாவுக்குக் காது கேக்கலன்னுதான்."

"சாதா எழுத்துன்னா டிவியே காட்டிடும். பிரச்சினையே இல்ல. நீ என்னத்தப் போட்டுத் தொலைச்ச?"

நான் அந்தக் கோப்பை டிவியிலேயே திறந்து பார்த்தேன். எழுத்தே இல்லை, எல்லாம் படம். சிவப்பு மையில், கொஞ்சம் சாய்ந்து, அப்பாவின் கையெழுத்து. முன்பு எப்போதோ வந்தபோது, பரணில் கிடந்த கேசட் முதுகுகளிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படம் பிடித்து, வெட்டி, கோத்து, அப்பா பேசுகிற ஒவ்வொரு வரியையும் அப்பா கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தான் அந்த மடையன்.

எத்தனை ராத்திரி உட்கார்ந்தானோ.

"இத எடுத்தாதான் ஓடும், அண்ணே" என்றேன், மெதுவாக.

"எடுத்தா அம்மாவுக்கு எப்படிடி புரியும்? சாயங்காலத்துக்குள்ள வேற மாதிரி பண்ண முடியாதா?"

"பண்ணலாம். ஆனா அதுக்குள்ள எல்லாரும் வந்துடுவாங்க."

அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டிவியில் நின்றிருந்த சிவப்பு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணன் தலையில் கையை வைத்தாள்.

"நல்லா இருக்குடா ராசா. அவரே எழுதுன மாதிரி இருக்கு. ஆனா எழுத்தப் படிச்சா, மொகத்த எப்பப் பாக்குறது? எடுத்துரு."

அண்ணனே எடுத்தான்.

படம் ஓடியது. பெட்டி சத்தமே போடவில்லை. அப்பா கன்னத்து மச்சம், உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை வரை தெரிந்தது. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, மீனு ஆறிடும்" என்றார். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவர் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் சிரித்த இடத்தில் எல்லாம் எங்களுக்கு அரை நொடி முன்னால் அவள் சிரித்தாள்.

கடைசிக் கட்டம். விருந்து முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்பா மட்டும் மேசையில். கேமராவைத் தாண்டி, பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"இந்த எடத்துல மட்டும் எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்று அண்ணன் என் காதில் கிசுகிசுத்தான். "ஒலியக் கூட்டிக்கூடப் பாத்தேன். அந்த வரிக்கு மட்டும் வெறும் புள்ளி வச்சு விட்டுட்டேன்."

"சுத்தியாச்சு" என்றாள் அம்மா, டிவியைப் பார்த்து.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"என்னம்மா?"

"சுத்தியாச்சான்னு கேக்குறாரு" என்றாள். "கட சாத்துறப்ப தெனம் கேப்பாரு. நீங்க ரெண்டு பேரும் கீழ தூங்கிட்டிருப்பீங்கல்ல, முழிச்சுக்குவீங்கன்னு சத்தம் வராம வாய மட்டும் அசைப்பாரு. எல்லாக் கேசட்டும் சுத்தியாச்சு, வாங்க படுக்கப் போலாம்னு நானும் வாய மட்டும் அசைப்பேன். கடைய மூடுன பெறகும் அவரு விடல. வேலையெல்லாம் முடிஞ்சா அதத்தான் கேப்பாரு."

இத்தனை வருஷம் அந்த டக் சத்தத்தைக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் தினமும் என் தலைக்கு மேல் இப்படி ஒரு பேச்சு நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும்தான்.

வாசலில் ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. அத்தை உள்ளே வரும்போதே என்ன எல்லாரும் அழுது வடியுறீங்க என்று கத்தினாள். அம்மா முந்திக்கொண்டு எழுந்தாள், கோழியை இறக்க. இரண்டு அடி போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கூட்டத்தின் இரைச்சலில் அவள் சத்தமே எழுப்பவில்லை. வாயை மட்டும் அசைத்தாள்.

எனக்குப் புரிந்தது. படத்தைப் பிடித்து முதலுக்கு இழுத்து வைத்துவிட்டு, நானும் வாயை மட்டும் அசைத்தேன்.