விபூதிப் புதனும் ஒரு மூட்டை உப்பும்

1

இந்தக் கதை றோய் கேட்டதால் வந்தது. மறைப்பானேன்? ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கோவிலின் தவக்கால மலரை அவன்தான் தொகுக்கிறான். "அக்கா, இயற்கையைப் பாதுகாக்கிறதைப் பற்றி ஒரு கதை தாங்கோ. ஃபாதரும் கேட்டவர்," என்றான். சரி என்றேன். உடனே அடுத்தது வந்தது: "கோவில் படியிலை ஒருத்தரையும் விழுத்திப்போடாதேங்கோ. இன்சூரன்ஸ்காரர் வாசிச்சால் கரைச்சல்."

கதையில் விழுந்தாலுமா? சிரிப்பு வந்தது. ஆனால் அவன் அதைச் சொல்லும் வரைக்கும் என்னிடம் கதையே இருக்கவில்லை. யாரோ விழக்கூடும் என்ற பிறகுதான் கதைக்கு ஆட்கள் வந்தார்கள்.

2

முதல் தொடக்கம்: "ஆண்டவர் தாம் படைத்த அனைத்தையும் நோக்க, அவை" (விட்டுவிட்டேன். பிரசங்கத்துக்கு ஃபாதர் இருக்கிறார்.)

இரண்டாவது: "பஞ்சுபோலப் பனி" (இப்படி எழுதுகிறவர் ஒரு நாளாவது ஷவல் பிடித்திருக்கமாட்டார்.)

மூன்றாவது நிற்கட்டும்: கோவில் படிக்கு உப்புப் போடுபவள் ரதி.

சம்பளமில்லாத வேலை. வின்ரர் முழுக்கப் பூசைக்கு முன்பே வந்து ஸ்னோ தள்ளி, ஐஸ் உருக உப்பு எறிவாள். உருகிய தண்ணீர் கோவிலுக்குப் பின்னாலுள்ள ஓடைக்குப் போகும். போன வசந்தத்தில் அந்தக் கரையில் நடந்தபோது ஒரு தவளைகூடக் கத்தவில்லை. முந்தைய வருடம் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காதபடி கத்தியவை. உப்புத் தண்ணீரில் தவளை முட்டை சரியாகப் பொரியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அழுதாள்.*

* முதலில் "கலங்கினாள்" என்றுதான் எழுதினேன். ரதி கலங்குகிற ஆள் இல்லை. அழுதாள்.

அதனால் இந்தத் தவக்காலத்துக்கு மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள்; ரதி உப்பை விட்டாள். படிக்கு மணல் மட்டும். பீடத்துக்கு முன் முழந்தாளிட்டு, அதுவே தன் தவக்கால ஒறுத்தல் என்று நேர்ந்தும் விட்டாள்.

3

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் காலை, விழுந்த இடத்திலேயே ஐஸாகிற மழை. மணலைத் தூவத் தூவ அதற்கு மேலும் கண்ணாடியாகப் படிந்தது. சில்லுக்கதிரை ஏறுகிற சரிவுப் பாதையும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு ரக்ஸி வந்து நின்றது. இறங்கியவர் ரதியின் மாமி அருள்மலர், அவள் கணவனைப் பெற்றவர். போன வின்ரர் ஒரு நாள், ரதி உப்போடு வந்து சேர்வதற்குள், இதே படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்தவர். அதற்குப் பிறகு இன்றுதான் கோவிலுக்கு வருகிறார்.

"ஐயோ மாமி! பின்னேரப் பூசைக்கு நான் கூட்டிக்கொண்டு வாறன் எண்டனான் எல்லே?"

"ஒரு வருசம் வீட்டுக்கை கிடந்தாச்சு. இனிப் பின்னேரம் வரைக்கும் கிடக்கேலாது. உப்பைப் போடு பிள்ளை."

"போடமாட்டன் எண்டு நேர்ந்திட்டன் மாமி. என்ரை கையைப் பிடியுங்கோ."

"ஆரின்ரை ஒறுத்தல் உது?"

"என்ரை."

"அப்ப உன்ரை உடம்பாலை செய். என்ரை இடுப்பாலை செய்யாதை."

இந்தக் கடைசி வரியை நான் யோசிக்கவில்லை, மாமி தானாகச் சொன்னார். (எழுதுகிறவர்கள் இப்படிச் சொன்னால் நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பவேண்டாம். ஆனால் அப்படித்தான் நடந்தது.)

4

முடிவுகளைப் பார்ப்போம்.

ரதி உப்புப் போடுகிறாள், மாமி பத்திரமாக உள்ளே போகிறார். நல்லது. ஏப்ரலில் ஓடை வாய்பொத்திக் கிடக்கும்.

போடவில்லை, மாமி விழவும் இல்லை. ஃபாதருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் மாமியை விழாமல் தாங்கிப் பிடித்தது எழுதுகிற நான். அதை ஆண்டவர் செய்ததாக எப்படி எழுதுவது?

போடவில்லை, மாமி விழுகிறா (றோய் எனக்குப் போன் எடுப்பான்.)

ரதி உள்ளே ஓடிப்போய் விபூதிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து படியெல்லாம் தூவி (அழகாகத்தான் இருந்தது. சனத்தின் நெற்றிக்கே போதாத சாம்பல், படிக்கு எங்கே காணப்போகிறது?)

5

ஒரு பிடி உப்பில் ஓடை செத்துவிடாது என்று ரதிக்குத் தெரியும். ரொறன்ரோவில் ஒவ்வொரு படியிலும் நிற்பவர் அதையேதான் சொல்கிறார் என்பதும் தெரியும்.

போன வருட மூட்டை ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தூக்கிவந்து வாயையும் பிரித்துவிட்டாள். உள்ளே முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. மாமி கீழ்ப்படியருகே ஊன்றுகோலோடு நிற்கிறார். மழை விட்டபாடில்லை. ரதியின் கை மூட்டைக்குள் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் வேறு வேலை பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் இருவரும் அப்படியே நிற்கிறார்கள்.

"அக்கா, நீங்கள் எழுதிக் கிழிச்சது காணும்," என்றாள் ரதி. "போடவோ, விடவோ? கெதியாச் சொல்லுங்கோ, மனிசிக்குக் குளிருது."

எனக்குத் தெரியாது. அதை அந்த மனிசியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை. அதனால் வாசிக்கிற உங்களைக் கைகாட்டிவிட்டேன். இப்போது இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.